பனிச்சறுக்குக்கும் ஊர்ப் பயணத்துக்கும் ஒரே டஃபிள் பை போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

கயல் (மார்க்கம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நால்வர் இருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பத்தும் பதின்மூன்றும் வயது. குளிர்காலத்தில் வார இறுதிகளில் பனிச்சறுக்குக்காகக் காரில் ப்ளூ மவுண்டனுக்குப் போய் வருவது வழக்கம். வரும் பிப்ரவரியில் குடும்ப தின விடுமுறையை ஒட்டிக் கால்கரிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து பான்ஃப் சென்று ஒரு வாரம் தங்குவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். அதில் சில இரவுகள் சன்ஷைன் மலைமேல் இருக்கும் விடுதியில் அறை எடுத்திருக்கிறோம். கோடையில் வழக்கம்போல் திருச்சிக்குப் போவோம்.

இந்த இரண்டு வகைப் பயணத்துக்கும் உதவுகிற, பல ஆண்டுகள் உழைக்கிற டஃபிள் பை (துணியில் தைத்த நீள்வடிவப் பயணப்பை) வாங்க வேண்டும். 150 முதல் 250 டாலர் வரை செலவழிக்கத் தயாராக இருக்கிறோம். கடைகளில் 600 டெனியர், 900 டெனியர், 1680 டெனியர் என்று எண்களைச் சொல்கிறார்கள். அந்த எண்ணை நம்பி வாங்கலாமா? சக்கரம் வைத்த பை நல்லதா, வைக்காதது நல்லதா? ஸ்கீ பூட்ஸ் (பனிச்சறுக்குக் காலணி) வைப்பதற்கென்று ஓரத்தில் தனி அறை உள்ள பை உண்மையில் பயன்படுமா? பழகியவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடதிசை (எட்மன்டன்) எழுதியது:

நார்த் ஃபேஸ் நிறுவனத்தின் பேஸ் கேம்ப், பேட்டகோனியாவின் பிளாக் ஹோல், இந்த இரண்டில் தள்ளுபடியில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுங்கள். மலையேறுபவர்களே அதைத்தான் சுமந்து போகிறார்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

பைகளும் கூடாரங்களும் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வடதிசை சொன்ன இரண்டும் நல்ல பைகள்தாம். ஆனால் கயல் அக்கா கேட்டது எதைப் பார்த்து வாங்குவது என்பதை. அதற்கு விடை தெரிந்தால் எந்த நிறுவனத்தின் பையையும் கையில் எடுத்தவுடன் எடைபோட்டுவிடலாம்.

எங்கள் மேசைக்கு வரும் பைகளில் துணி கிழிந்து வருபவை குறைவு. ஜிப் போனவை, தோள்வார் தையலோடு பிடுங்கிக்கொண்டு வந்தவை, உட்பூச்சு உரிந்தவை ஆகியவைதாம் மிகுதி. ஆகையால் டெனியர் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்லும் அளவு. 1000 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை இருக்கும். அது நூலின் பருமனைச் சொல்கிறதே தவிர, நெசவின் நெருக்கத்தையோ, நூல் நைலானா பாலியெஸ்டரா என்பதையோ, மேல்பூச்சின் தரத்தையோ சொல்வதில்லை. அதே பருமனில் நைலான் உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலில் மெதுவாக நைந்துபோகும், தண்ணீரையும் அவ்வளவாக உறிஞ்சாது. 1680 டெனியர் பாலியெஸ்டரை மலிவான பூச்சுடன் தைத்து விற்பவர்களும் உண்டு. 840 டெனியர் நைலானைத் திருத்தமாகத் தைத்து விற்பவர்களும் உண்டு. பின்னதைத்தான் நான் எடுப்பேன்.

முதலில் ஜிப்பைப் பாருங்கள். பிரதான வாய்க்கு 10-ஆம் எண் ஜிப் இருக்க வேண்டும். 8-க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த எண், மூடிய நிலையில் பற்களின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குறிப்பது. ஒய்.கே.கே. என்ற ஜிப் நிறுவனத்தின் எழுத்து ரன்னரில் (பற்களை மூடித் திறக்க நாம் இழுக்கும் பகுதி) இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஜிப் பற்களில் சுருள் வகை ஒன்று, தனித்தனியாக வார்த்த பற்கள் கொண்ட வகை மற்றொன்று. சுருள் வகை வளைவுகளில் இலகுவாக ஓடும். நடுவில் பிரிந்தாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்துவந்து மூடிவிடலாம். வார்த்த பல் வகையில் மண்ணும் பனியும் அடைத்துக்கொள்வது குறைவு. ஆனால் ஒரு பல் உடைந்தால் ஜிப் முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டிவரும். விமானப் பயணத்துக்கு நான் சுருள் வகையைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகும் ஜிப் வாய் பிளக்கிறதென்றால், பெரும்பாலும் பற்கள் போகவில்லை. ரன்னரின் இரு உதடுகளும் தேய்ந்து அகன்றிருக்கும். குறட்டால் இரு பக்கமும் மெல்ல, சம அழுத்தத்தில் நெருக்கினால் சில மாதம் ஓடும். புது ரன்னர் போட்டால் பல ஆண்டு ஓடும். ஜிப் போய்விட்டதென்று குப்பைக்குப் போகும் பைகளில் பல, ரன்னர் மட்டும் மாற்ற வேண்டியவை.

அடுத்தது வார். கைப்பிடி வார் பையின் பக்கத்தில் நுனியை மட்டும் வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, அடிப்பக்கம் வரை சுற்றி வந்து பையையே தாங்குகிறதா என்று புரட்டிப் பாருங்கள். சுற்றி வருவதே நல்லது. 20 கிலோவைத் துணி இழுக்காமல் வார் இழுக்கும். வார் முடியும் இடங்களில் சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ, திருப்பூர்க்காரர்கள் பார்டாக் என்று சொல்கிற நெருக்கமான கட்டுத்தையலோ இருக்க வேண்டும். ஒற்றை வரியில் முன்னும் பின்னுமாக ஓட்டிவிட்டிருந்தால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. துணியின் ஓரங்கள் நாடா வைத்து மூடித் தைக்கப்பட்டிருக்கின்றனவா, பிசிறு தொங்குகிறதா, தையலுக்கு வெளியே துணி ஒரு செண்டிமீட்டராவது விடப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பையின் ஆயுளை உள்பக்கத் தையல்தான் தீர்மானிக்கிறது.

கயல் (மார்க்கம்) எழுதியது:

மிக்க நன்றி, தம்பி. இவ்வளவு விவரமாக எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. சக்கரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? என் கணவருக்கு இடுப்பு வலி உண்டு. 20 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னால் அவர் வீட்டிலேயே இருந்துகொள்வார்.

தணிகாசலம் (மிசிசாகா) எழுதியது:

சக்கரம் இல்லாத பையை வாங்கச் சொல்கிறவர்கள் இளவயதினர் என்பது என் கருத்து. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து செக்-இன் வரை, பிறகு வழியில் விமானம் மாறும் இடத்தில் அடுத்த முனையம் வரை என்று நடக்கிற தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். செக்-இன்னில் கொடுத்துவிட்டால் பை நம் கையில் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் கொடுக்கும் வரையிலும், வாங்கிய பின்னும் இருக்கிறதே! எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த டஃபிள்தான். அடிப்பாகத்தில் கெட்டியான தட்டு இருப்பதால் மாமியாருக்குக் கொண்டுபோகும் சாமான்கள் நசுங்குவதுமில்லை.

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

தணிகாசலம் ஐயா சொல்வது விமான நிலையத்துக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் சக்கரமும் இழுகம்பியும் அடித்தட்டும் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடையைக் கூட்டிவிடும். சக்கரம் இல்லாத 70 லிட்டர் பை ஒன்றரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். அதே கொள்ளளவில் சக்கரம் வைத்தது மூன்றைத் தாண்டும். விமானத்தில் ஒரு செக்-இன் பைக்கு வழக்கமாக உள்ள 23 கிலோ வரம்பில் அந்த வேறுபாடு ஒரு தடித்த ஜாக்கெட்டும் கால்சட்டையும் ஆகும். பனிக்காலச் சாலைகளில் தூவுகிற உப்பு சக்கரத்தின் பேரிங்குக்குப் பகை என்பதையும் கணக்கில் வையுங்கள். உள்ளே புகுந்தால் அடுத்த பருவத்தில் சக்கரம் கீச்சிடத் தொடங்கும். உடைந்த சக்கரத்துக்கு அதே அளவில் மாற்று கிடைப்பதும் எளிதன்று.

கயல் அக்காவின் பயணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சன்ஷைன் விடுதிக்குக் கார் போகாது. கீழே வண்டியை நிறுத்திவிட்டு, சாமானோடு கேபிள் காரில் ஏறித்தான் மேலே போக வேண்டும். அந்த வண்டி நிறுத்துமிடம் மிக நீளமானது. இறுகிய பனியும் சரளையும் கலந்த தரையில் சிறு சக்கரம் உருளாது, இழுபடும். அங்கே தோளில் மாட்டுகிற பைதான் காலை வாராது.

அண்ணனுக்கு இடுப்பு வலி என்றால் பெரிய பை ஒன்றுக்குப் பதில் நடுத்தரப் பைகளாக இரண்டு வாங்குங்கள். எந்தப் பையும் 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பனிப்பூ (பேர்ன்) எழுதியது:

சுவிஸில் இருந்து எழுதுகிறேன். இங்கே பெரும்பாலும் தொடருந்திலேதான் மலைக்குப் போவோம். செர்மாட் ஊருக்குள் பெற்றோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை; டேஷ் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டுத் தொடருந்தில் ஏற வேண்டும். மேடையிலிருந்து வண்டிக்குள் ஏறும்போது ஒரு கையில் ஸ்கீ, மறுகையில் பிள்ளை இருக்கும். அப்படியான நேரத்தில் முதுகில் மாட்டக்கூடிய இரண்டு வார்கள் உள்ள டஃபிள்தான் உதவும். ஒற்றைத் தோள்வார் மட்டும் உள்ள பை நடக்க நடக்க முன்னால் வந்து முழங்காலில் இடிக்கும். இருக்கைக்கு மேலே உள்ள தட்டில் 60, 70 லிட்டர் மென்பை அமுங்கி உட்காரும். கெட்டியான அடித்தட்டு உள்ள பை நிற்கவும் மாட்டாது, படுக்கவும் மாட்டாது.

முதுகு வார்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாங்கும்போது அவை கழற்றக்கூடியவையா என்று பாருங்கள். விமானத்தில் போடும்போது கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். தொங்கும் வார் சாமான் பெல்ட்டின் உருளைக்குள் சிக்கினால் வார் அறுந்துவிடும், இல்லையென்றால் பையின் பக்கமே கிழிந்துவிடும். சில விமான நிலையங்களில் இப்படியான பைகளைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

மற்றது ஈரம். கடைசி நாள் சறுக்கி முடித்த கையோடு ஊருக்குக் கிளம்புபவர்கள் நாங்கள். கையுறை, உள்ளாடை, பூட்ஸின் உட்காலுறை எல்லாமே ஈரமாக இருக்கும். தண்ணீர் புகாத துணி என்று பெருமையாக விற்கிறார்களே, அந்தத் துணி உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. ஆறு மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் வரும் வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. ஈரச் சாமான்களுக்கு மேல்வாய் சுருட்டும் இலேசான உறை ஒன்றைத் தனியாகக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே பையைக் கவிழ்த்து, ஜிப்பைத் திறந்து, நிழலில் காயவிடுங்கள்.

வடதிசை (எட்மன்டன்) எழுதியது:

ஈரத்துக்குப் பயந்தால் ஒரேயடியாக ஆர்ட்லீப் போன்ற நிறுவனங்களின் முழு நீர்த்தடுப்புப் பையை வாங்கிவிடலாமே. தையலே கிடையாது, ஓரங்களை ஒட்டி இணைத்திருப்பார்கள். ஆற்றில் போட்டாலும் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாது.

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

படகில் போகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த பை இல்லை. பனிச்சறுக்குக்கு அவ்வளவு தேவையில்லை என்பேன். காற்றுப் புகாத ஜிப்புக்கு அவ்வப்போது சிலிக்கோன் மசகு தடவ வேண்டும். குளிரில் அதை இழுப்பதற்குக் கைவலிமையும் வேண்டும். விமானத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அழுத்தம் அளவுக்குக் குறைகிறது. சாமான் அறையிலும் அப்படியே. காற்றை வெளியேற்றாமல் இறுக மூடிய பை அங்கே பலூன்போல் உப்பிக்கொள்ளும். அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே மூட வேண்டும்.

பனி என்பது மழையைப் போல் ஊடுருவுவதில்லை. பூச்சுப் போட்ட துணியும், ஜிப்பின் மேல் மடிந்து விழும் மூடியும் இருந்தால் போதும். ஆனால் எந்தப் பூச்சு என்பது முக்கியம். பி.வி.சி. பூச்சு கடுங்குளிரில் விறைத்து, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். கால்கரியில் சனவரியில் மைனஸ் 25 என்பது வியப்பான செய்தியன்று. டி.பி.யு. (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) எனப்படும் பூச்சு வகை அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். விவரச் சீட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

மாடவீதி (சென்னை, மயிலாப்பூர்) எழுதியது:

பூச்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் பனியைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்டவன்; ஆனால் வெளிநாட்டிலிருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்த விலையுயர்ந்த பை ஒன்று வீட்டுப் பரணில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து இறக்கிப் பார்த்தால், உள்பக்கம் முழுவதும் கையில் ஒட்டுகிறது. சில இடங்களில் வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. புளித்த வாடை வேறு. பை அதிகம் பயன்படுத்தப்படவே இல்லை. வெளித்துணியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இது போலிப் பையா?

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

போலியாக இருக்க வேண்டியதில்லை, ஐயா. நல்ல பைகளுக்கும் இது நேரும். பாலியூரித்தேன் பூச்சுகளில் பாலியெஸ்டர் அடிப்படையில் செய்த வகையைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. கடற்கரை ஊரின் பரண் என்பது ஈரமும் வெப்பமும் சேர்ந்து கிடைக்கிற இடம். பயன்படுத்திய பையைவிடப் பொத்திப் பொத்தி மூடி வைத்த பை முந்திக் கெடுவதற்கு இதுதான் காரணம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு முடிந்து வைத்திருந்தால் இன்னும் மோசம். சிதைந்த பூச்சை மீட்க வழியில்லை. உரிந்ததைச் சுரண்டித் துடைத்துவிட்டு, தண்ணீர் தாங்காத சாதாரணத் துணிப்பையாக இன்னும் சில காலம் ஓட்டலாம்.

பாலியீத்தர் அடிப்படையிலான வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் விவரச் சீட்டில் அந்த வேறுபாட்டை எல்லா நிறுவனமும் எழுதுவதில்லை. ஆகையால் எந்தப் பையாக இருந்தாலும் காற்றோட்டமான அலமாரியில், ஜிப் திறந்தபடி, மடிக்காமல் வையுங்கள். கயல் அக்கா, கோடையில் திருச்சிக்குக் கொண்டுபோகிற பையை அடுத்த ஆண்டுக்கு ஆகட்டும் என்று அங்கேயே பரணில் ஏற்றிவிட்டு வர வேண்டாம்.

மாடவீதி (சென்னை, மயிலாப்பூர்) எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது கொடுத்த கேன்வாஸ் கிட் பை இன்றும் கொல்லைப்புறத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறது. பூச்சே இல்லாததால்தான் தப்பித்தது போலும்.

பனிப்பூ (பேர்ன்) எழுதியது:

அந்தப் பை உழைக்கும், ஐயா; ஆனால் மேல்வாய் மட்டும் உள்ள பையில் அடியில் கிடக்கும் காலுறையை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். விடிகாலையில், பிள்ளைகள் உறங்கும் விடுதி அறையில், கைப்பேசி வெளிச்சத்தில் அதைச் செய்வது எளிதன்று. மேற்புறம் முழுதும் பெட்டி மூடிபோல் திறக்கும் அமைப்பைத் தேடுங்கள். கயல், உங்கள் பூட்ஸ் கேள்விக்கு ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் தொடங்குகிறேன்: ஸ்கீ பூட்ஸை டஃபிளுக்குள் வைக்கவே வேண்டாம்.

ஒரு சோடி பூட்ஸ் நான்கு கிலோ அளவில் எடை வரும். ஓரத்துத் தனி அறை என்பது பிரதான அறையிலிருந்து களவாடிய இடந்தான். பூட்ஸ் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் பாரமாகி, தோளில் போடும்போது பை சரியும். கொக்கிகள் உள்துணியைக் குத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, பை ஒருநாள் தாமதமாக வந்தால் மற்ற உடுப்பைக் கடன் வாங்கலாம், ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம். காலுக்குப் பழகிய பூட்ஸுக்கு மாற்று இல்லை. பூட்ஸைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோங்கள். ஸ்கீயையும் ஊன்றுகோலையும்தான் உள்ளே விடமாட்டார்கள்.

கயல் (மார்க்கம்) எழுதியது:

பூட்ஸ் பையே கேபின் பையாக அனுமதிக்கப்படுமா? பிள்ளைகளுக்கு வளரும் கால் என்பதால் அவர்களுக்கு அங்கேயே வாடகைக்கு எடுக்கப் போகிறோம். எங்கள் இருவருக்கு மட்டுந்தான் சொந்தப் பூட்ஸ்.

தணிகாசலம் (மிசிசாகா) எழுதியது:

ஏர் கனடாவில் கேபின் பைக்கு 55, 40, 23 செண்டிமீட்டர் என்று வரம்பு. பூட்ஸ் மட்டும் கொள்கிற சிறு பை இதற்குள் அடங்கும். தலைக்கவசம், கண்ணாடி எல்லாம் கொள்கிற முதுகுப்பை வகை பூட்ஸ் பைகளில் பல அடங்காது. அளவுநாடாவைக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். டிக்கெட் வகையையும் பாருங்கள். 2025 சனவரியிலிருந்து கனடாவுக்குள்ளும் அமெரிக்காவுக்கும் போகிற விமானங்களில், மிகக் குறைந்த அடிப்படைக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு மேல்தட்டில் வைக்கும் பை கிடையாது. இருக்கைக்கு அடியில் கொள்ளும் சிறு பை மட்டுந்தான். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் பைக்குக் கட்ட வேண்டிவரும்.

சொந்த ஸ்கீ கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பல நிறுவனங்கள் ஒரு ஸ்கீ பையையும் ஒரு பூட்ஸ் பையையும் சேர்த்து ஒரே சாமானாகக் கணக்கிடுகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை மாறுவதால், புறப்படும் முன் அவர்களுடைய இணையப் பக்கத்தில் படித்துவிடுங்கள்.

பேட்டரி வைத்துச் சூடேற்றும் காலுறை, கையுறை வைத்திருந்தால் அந்த லித்தியம் பேட்டரிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கும் அப்படியே. தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பையில் வைக்க அனுமதி இல்லை.

கயல் (மார்க்கம்) எழுதியது:

அடிப்படைக் கட்டணத்தில் எடுக்கவில்லை, நல்லவேளை. இப்போது அளவுக்கு வருகிறேன். பூட்ஸ் வெளியே போய்விட்டால் எங்கள் நால்வருக்கும் 100 லிட்டர் பை ஒன்றும் 40 லிட்டர் பை ஒன்றும் போதுமா? அல்லது 70 லிட்டரில் இரண்டா?

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

70 லிட்டரில் இரண்டு. பை எவ்வளவு பெரிதோ அவ்வளவும் நிரம்பும் என்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கோடையில் திருச்சியிலிருந்து திரும்பும்போது 100 லிட்டர் பையில் துணியோடு மசாலாப் பொடியும் பாத்திரமும் புத்தகமும் சேர்ந்தால் 23 கிலோவைத் தாண்டி, செக்-இன் வரிசையில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 100 லிட்டர் வரையுள்ள பைகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். 130-ஐத் தாண்டியவை பலவும் அடங்குவதில்லை.

தலைக்கவசத்தை நடுவில், வாய் மேற்புறமாக வைத்து, அதற்குள் காலுறைகளையும் கண்ணாடியையும் திணியுங்கள். சுற்றிலும் ஜாக்கெட்டுகள் மெத்தையாக இருக்கும். கூரானது எதையும் மூலையில் வைக்காதீர்கள், ஏனென்றால் டஃபிள் பை முதலில் தேய்வது அடிமூலைகளில்தான். அங்கே இரட்டைத் துணி வைத்திருக்கிறார்களா என்பதைக் கடையில் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

வடதிசை (எட்மன்டன்) எழுதியது:

ஆயுள்கால உத்தரவாதம் என்று போட்டிருக்கிற பையை வாங்கினால் இந்தத் தடவிப் பார்க்கும் வேலையெல்லாம் மிச்சமாகுமே?

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

உத்தரவாதச் சீட்டில் யாருடைய ஆயுள் என்று படித்துப் பாருங்கள். பல நிறுவனங்களுக்கு அது பொருளின் நியாயமான பயன்பாட்டுக் காலம். உற்பத்திக் குறைகளுக்கு மட்டுமே பொருந்தும், தேய்மானத்துக்கும் விமான நிறுவனம் செய்த சேதத்துக்கும் பொருந்தாது. விமானச் சேதத்தையும் ஏற்றுக்கொள்கிற பிரிக்ஸ் அண்டு ரைலி போன்றவர்களும் இருக்கிறார்கள். அந்த வாக்குறுதியின் விலை பையின் விலையிலேயே சேர்ந்திருக்கும். பழுது பார்த்துத் தருகிறோம் என்று சொல்கிற நிறுவனமாக இருந்தால், அந்தப் பட்டறை உங்கள் நாட்டில் இருக்கிறதா, அனுப்பும் செலவு யாருடையது என்று கேளுங்கள். அனுப்பும் செலவைவிட உள்ளூர்த் தையற்காரரின் கூலி குறைவாக இருப்பதைத்தான் நான் மிகுதியும் பார்க்கிறேன்.

தணிகாசலம் (மிசிசாகா) எழுதியது:

விமான நிறுவனம் சேதப்படுத்தினால் அதைக் கேட்கிற உரிமை தனியாக இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் கனடாவும் இந்தியாவும் உறுப்பு நாடுகள். அதன்படி, சேதமான பையைக் கையில் வாங்கிய 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பை என்றால் 21 நாட்களுக்குள். ஒரு பயணிக்கு உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், 1,519 எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டு நாணய அலகு. கனடாவுக்குள் மட்டும் பறக்கும் விமானங்களுக்கும் இங்குள்ள பயணிகள் பாதுகாப்பு விதிகள் இதே பொறுப்பை விதிக்கின்றன. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிடாமல், பெல்ட்டிலிருந்து எடுத்தவுடன் பையைச் சுற்றிப் பார்த்து, சேதம் இருந்தால் அங்கேயே படம் எடுத்து, முகப்பில் பதிவு எண் வாங்கிவிடுங்கள்.

நான் இன்னமும் சக்கரத்தின் கட்சிதான் என்பதையும் பதிவு செய்கிறேன். கேபிள் கார் ஏறுவது ஒரு நாள். விமான நிலையத்தில் நடப்பது ஒவ்வொரு பயணத்திலும்.

கயல் (மார்க்கம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று கடைக்குப் போய், பைகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். இரண்டு விற்பனையாளர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1680 டெனியர் என்று பெரிதாக எழுதியிருந்த பையில் வார், பக்கத்துத் துணியில் ஒற்றை வரித் தையலோடு நின்றுவிட்டது. உள்ளே பிசிறு தொங்கியது. அதைவிட நாற்பது டாலர் கூடுதலான இன்னொன்றில், டி.பி.யு. பூச்சு, 10-ஆம் எண் ஜிப், அடிவரை சுற்றிய வார், கழற்றும் முதுகு வார்கள் எல்லாம் இருந்தன. 70 லிட்டரில் இரண்டு எடுத்துவிட்டோம். தணிகாசலம் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், விமான நிலையத்தில் தள்ளுவண்டி எடுத்துக்கொள்வதாக என் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காரின் பின்பெட்டியில் இரவு முழுதும் பையை விட்டுவிட்டால் ஜிப் உறைந்துவிடும் என்கிறார்களே, அப்போது என்ன செய்வது?

ஊசிநூல் (கால்கரி) எழுதியது:

பற்களுக்கிடையே உருகிய பனி இறங்கி மறுபடி உறைவதால் அப்படி ஆகிறது. எக்காரணம் கொண்டும் பலமாக இழுக்காதீர்கள். ரன்னரின் வாய் அகன்றுபோவது அப்போதுதான். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை ரன்னர் மேல் அரை நிமிடம் வைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் விட்டுக்கொடுக்கும். புறப்படும் முன் மெழுகுவத்தியைப் பற்களின் மேல் ஒருமுறை தேய்த்துவிட்டால் தண்ணீர் ஒட்டுவதும் குறையும். பூட்ஸை மட்டும் எக்காலத்திலும் பின்பெட்டியில் விடாதீர்கள். அதன் பிளாஸ்டிக் வெளி ஓடு குளிரில் விறைத்துவிட்டால் காலையில் காலை நுழைப்பதற்கே பெரும்பாடாகிவிடும். இரவில் அறைக்கு எடுத்துப்போய்விடுங்கள். ஊர் திரும்பியதும், உப்புப் படிந்த ஜிப்பையும் பக்கிளையும் வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் கழுவித் துடைத்து, திறந்தபடி காயவிடுங்கள். பையைச் சலவை இயந்திரத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பூச்சு மடிப்பு மடிப்பாகக் கழன்றுவிடும்.